செம்மணி: உறவினரின் மரபணு மாதிரிகளை இப்போதே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் செம்மணி – சித்துப்பாத்தி மயானத்தில் வெளிப்பட்ட மனிதப் புதைகுழி பற்றித் தங்கள் பத்திரிகை தொடர்ந்து செய்தி தருகிறது. அதற்கு நன்றி. ஆனால் அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஓர் எண்ணோடு நின்றுவிடுகின்றன: இன்று இத்தனை என்புத் தொகுதிகள், இதுவரை மொத்தம் இத்தனை. 2025 பெப்ரவரியில் மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது முதல் என்புகள் வெளிப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பருக்குள் எண்ணிக்கை 240 அளவை எட்டிவிட்டது. இந்த எண்களைப் பெயர்களாக மாற்றும் வேலை அகழ்வைப் போலவே பெரியது. அது நடப்பது குழியில் அல்ல, வீடுகளில். அதைத் தள்ளிப்போட இனி நாள் இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

1998 ஜூலையில், பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றில் கூறினார். மறு ஆண்டு தோண்டியபோது 15 என்புத் தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் இருவருக்கே பெயர் தெரிந்தது. வழக்கும் அதன்பின் தேங்கிப்போனது. 1996இல் இருபது வயதில் காணாமலாக்கப்பட்ட ஒருவரின் தாய் அப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரி. அன்றே ஊர் ஊராகப் போய் இரத்த மாதிரி எடுத்து வைத்திருந்தால் இன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் மிஞ்சியிருக்கும். இப்போது அந்தத் தாய்மார் எண்பதை அண்டிவிட்டார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் போராட்டப் பந்தலில் இருந்தபடியே பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஓர் என்புத் தொகுதிக்குப் பெயர் வைக்க இரண்டு மரபணு விபரங்கள் வேண்டும். ஒன்று குழியிலிருந்து, மற்றது வீட்டிலிருந்து. தாய், தந்தை இருவரும் மாதிரி தந்தால் பொருத்தம் மிக உறுதியாக அமையும். ஏனெனில் பிள்ளையின் ஒவ்வொரு மரபணுக் குறியிலும் (ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்திலும்) பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார் என்றால் உறுதி குறையும். காணாமற்போனவரின் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து தந்தால் அது மீண்டும் கூடும். ஒரேயொரு சகோதரர் மட்டும் வந்தால் பல தடவை முடிவு சொல்ல முடியாமல் போகும். கூடப் பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்ந்தாலும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லாதிருக்கலாம். ஆகவே பெற்றோர் இருவரும் இல்லாத இடத்தில் ஒருவருக்கு மூன்று உறவினராவது தேவை. தாய் இல்லாத இடத்தில் தாயின் சகோதரி, அவருடைய பிள்ளைகள் ஆகியோரிடம் இழைமணி மரபணுவைப் பார்க்கலாம். அது தாய்வழியே மாறாமல் வருவது. ஆனால் அது குடும்பக் கிளையைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது.

எங்கள் சமூகத்துக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் நிபுணர் இவற்றைத் தாமாக எண்ணிப் பார்க்கமாட்டார். முதலாவது, மச்சான் – மச்சாள் திருமணம். சொந்தத்துக்குள் பல தலைமுறையாகக் கட்டிய ஊர்களில், உறவில்லாத இருவர்போலத் தெரிபவர்களும் எதிர்பார்ப்பதைவிட அதிக குறிகளைப் பகிர்ந்திருப்பார்கள். ஐரோப்பிய மக்களுக்கான நிகழ்தகவுக் கணக்கை அப்படியே போட்டால் ஒருவரின் என்பு ஒன்றுவிட்ட சகோதரரின் வீட்டுக்குப் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. மாதிரி எடுக்கும்போதே குடும்ப மரத்தை இரண்டு தலைமுறை மேல்வரை வரைந்து, யார் யாருக்குச் சொந்தம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒரு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் காணாமற்போயிருந்தால் பெற்றோரின் இரத்தம் இருவருக்குமே பொருந்தும். எந்த என்பு மூத்தவனுடையது, எது இளையவனுடையது என்பதை வயதும் உயரமும் பல்லும்தான் சொல்ல முடியும். மணமாகிப் பிள்ளை பெற்றவர்களாக இருந்தால் அந்தப் பிள்ளைகளின் மாதிரியும் பிரித்துக் காட்டும்.

எடுக்கும் முறை கடினமானதல்ல. விரல் நுனியில் குத்தி, அதற்கென்றே செய்யப்பட்ட வடிதாள் அட்டையில் சில சொட்டு இரத்தம் போதும். நிழலில் இரண்டு, மூன்று மணி நேரம் நன்றாக உலரவிட்டு, ஈரமுறிஞ்சும் சிறு பொதியோடு கடதாசி உறையில் வைத்தால் குளிரூட்டி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் இருக்கும். உலருமுன் பொலித்தீன் பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். வெளியில் நடக்கும் சேகரிப்புகளில் இது அடிக்கடி நேரும் பிழை. இரத்தம் தர விரும்பாதவரிடம் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் உரசி எடுக்கலாம். வெற்றிலை போடும் அம்மாக்கள் வாயைக் கொப்பளித்து அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை. ஒரே நேரத்தில் ஒரே மேசையில் ஒரு குடும்பத்தின் மாதிரி மட்டுமே இருக்கலாம். பெயரை அட்டையில் எழுதக்கூடாது. எண் மட்டும், அதே எண் படிவத்திலும். ஒவ்வொருவரிடமும் இரண்டு அட்டைகள் எடுத்து, ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மற்றதை முத்திரையிட்டு வேறோரிடத்தில் வைத்தால், நாளைக்கு முடிவில் சந்தேகம் எழும்போது இன்னொரு ஆய்வுகூடம் தனியாகச் சோதிக்கலாம்.

எங்கே வைப்பது என்பது மக்களின் முதல் கேள்வியாக இருக்கும். பொலிஸிலோ பாதுகாப்புத் தரப்பிலோ தங்கள் மரபணு இருப்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது. அந்தப் பயம் நியாயமானது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போனோர் அலுவலகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நம்பிக்கையில்லை. ஆகவே மாதிரிகள் நீதிமன்றக் கட்டளையின் கீழ், சர்வதேசக் கண்காணிப்போடு வைக்கப்பட வேண்டும். காணாமற்போனவரைத் தேடுவதற்கு மட்டுமே பயன்படுத்தப்படும், விரும்பினால் திரும்பப் பெறலாம் என்று தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் வேண்டும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் இருக்கும் சகோதரர்களிடமிருந்து அங்கேயே எடுத்து அனுப்ப வழி செய்ய வேண்டும். பொஸ்னியாவில் இதைச் செய்தார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவில் காணாமற்போன ஏறத்தாழ 40,000 பேரில் பெரும்பகுதியினருக்கு இன்று பெயர் தெரியும். 2001 முதல் அங்கு மரபணுவை முதல் வழியாகக் கொண்டதும், உலகெங்கும் பரந்துகிடந்த உறவினரிடம் மாதிரி எடுத்ததுமே அதற்குக் காரணம்.

அதற்காக இங்கும் அதே வெற்றி கிடைக்கும் என்று யாரும் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. பொஸ்னியாவின் மண் குளிர்ந்தது. செம்மணி உப்பளத்தை அடுத்த வெளி. மாரியில் நீர் நிற்கும், கோடையில் உப்புப் பூக்கும். வெப்பமும் ஈரமும் மரபணுவை விரைவாக உடைக்கும். என்புக்குள் ஊறிய உப்பு, காயும்போது பளிங்காகி என்பையே வெடிக்க வைக்கும். எனவே எடுத்த என்பை வெயிலில் காயவிடுவது பெரும் பிழை. நிழலில் மெதுவாக உலர்த்தி, கடதாசிப் பையில் வைக்க வேண்டும். மரபணு நன்றாக மிஞ்சக்கூடிய இடங்கள் தொடை என்பின் நடுத்தண்டு, சொத்தையோ நிரப்பலோ இல்லாத கொடுப்புப் பல், காதின் உட்பகுதியைச் சூழ்ந்த கடினமான மண்டையோட்டு என்பு ஆகியவை. மாதிரி வெட்டினால் அந்தப் பகுதி அழிந்துபோகும். ஆகையால் வெட்டுமுன் படம், அளவு, எக்ஸ்ரே, பல் வரைபு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

நாளாந்த எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட உடல்களில் என்புகள் கலந்துவிடும். குழியில் எண்ணுவது தற்காலிக எண். ஆய்வுகூடத்தில் ஒரே வகை என்பை, சொல்லப்போனால் வலது தொடை என்பை, எண்ணித்தான் குறைந்தது எத்தனை பேர் என்று முடிவு செய்வார்கள். அது கூடலாம், குறையலாம். குறைந்தால் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பும். பத்திரிகைகள் இதை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. மனித உடலின் 206 என்புகளில் 106, மணிக்கட்டு முதல் விரல்நுனி வரையும் பாதங்களிலும் இருக்கின்றன. வெளியே வரும் மண் முழுவதையும் ஐந்து மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் சலித்தால்தான் இந்தச் சிறு என்புகளும் பற்களும் ரவைத் துண்டுகளும் சட்டைப் பொத்தான்களும் கிடைக்கும். புதிய குழிகளைத் தேட ராடர் கருவியை மட்டும் நம்பவும் முடியாது. உப்புக் களிமண் அதன் அலையை உறிஞ்சிவிடும். பல்லில்லாத வாளி பூட்டிய பெக்கோ மண்வாரி இயந்திரத்தால் பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பில் மண்ணை வழித்து, நிறமாற்றத்தைப் பார்க்கும் அனுபவமுள்ள ஒருவரை முன்னே நிறுத்தித் தேடுவதே உறுதியான வழி.

அடுத்தது வீட்டிலிருந்து எடுக்க வேண்டிய தகவல். 2025 ஓகஸ்டில் புதைகுழியில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் ஒழுங்கு தலைகீழ். முப்பது ஆண்டாகத் தேடும் தாய்க்கு எந்த நீலப் பையும் தன் பிள்ளையின் பையாகவே தெரியும். ஒரே பை நூற்றுக்கணக்கில் பகிரப்பட்டிருக்கும். முதலில் குடும்பத்திடம் கேட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும்: உயரம், எந்தப் பல் பிடுங்கியது, எந்தக் கை முறிந்து பொருத்தியது, கண்ணாடி, மோதிரம், தாயத்து, செருப்பின் இலக்கம், கடைசியாக உடுத்தியிருந்தது, அதை யார் தைத்தது. அந்தப் படிவம் முத்திரையிடப்பட்ட பிறகே பொருளைக் காட்ட வேண்டும். அப்போதுதான் அடையாளம் காட்டியதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணியால் உடைக்க முடியாது. பருத்தித் துணி உக்கிவிடும். தைத்த செயற்கை நூலும் இழுபட்டியும் சிப்பும் பொத்தானும் இருக்கும். அந்த நூல் ஓடிய வழியைப் பார்த்தே அது சட்டையா, பாவாடையா, பாடசாலைச் சீருடையா என்று சொல்லலாம். தையற்காரர் உயிரோடிருந்தால் தன் தையலை அவர் அறிவார். பழைய தேசிய அடையாள அட்டை கிழிந்து பாதி கிடைத்தாலும் உதவும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும்.

எக்காலத்தில் புதைத்தார்கள் என்ற கேள்வியில் மன்னார் எங்களுக்குத் தந்த பாடம் கசப்பானது. சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் அதிகமான என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள் மட்டும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019இல் அவை பல நூற்றாண்டு பழையவை என்று காபன் காலக்கணிப்பு அறிக்கை வந்தது. அத்தோடு அந்தக் குழியின் மீது இருந்த பொது அக்கறையே அடங்கிவிட்டது. ஆறு என்புகளின் வயதை முந்நூறு பேருக்குப் பொதுவாக்க முடியாது. கடலுணவு அதிகம் உண்டவரின் என்பு, திருத்தம் செய்யாவிட்டால், சில நூறு ஆண்டு பழையதாகத் தெரியும். அதேவேளை, அந்தத் திருத்தத்தால் மட்டும் பதினைந்தாம் நூற்றாண்டைத் தொண்ணூறுகளுக்குக் கொண்டுவரவும் முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செம்மணியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14 ஏறத்தாழ இரட்டிப்பாகி, 1963க்குப் பின் படிப்படியாகக் குறைந்து வந்தது. அதற்குப் பிறகு வாழ்ந்தவர் எல்லோரிடமும் அந்தச் சுவடு உண்டு. சிறுவயதில் உருவான பல்லையும் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்பட்ட என்பையும் சேர்த்துச் சோதித்தால் அவர் எப்போது பிறந்து எப்போது இறந்தார் என்பதை ஓரளவு நெருங்கலாம். ஒவ்வொரு குழியிலிருந்தும், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மாதிரி போக வேண்டும். இதைவிட மலிவான சாட்சியும் குழிக்குள்ளேயே இருக்கும்: 1994 என்று அடித்த நாணயம் உடலின் கீழே கிடந்தால் அந்தக் குழி 1994க்கு முன் வெட்டப்படவில்லை. விலையும் திகதியும் அச்சிட்ட பொலித்தீன் உறையும் அப்படியே.

ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம்? 1987 முதல் 1990 வரை அங்கு இந்திய அமைதிப்படை. பின்னர் 1995 இறுதிவரை விடுதலைப் புலிகள். 1996 முதல் இலங்கை இராணுவம். விசாரணை அதிகாரி முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினால், அந்த முடிவு சரியாகவே இருந்தாலும் நீதிமன்றில் நிற்காது. இது மயானம் என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் வழக்கில் பெரியவர்களை எரிப்போம், சின்னப் பிள்ளைகளைப் புதைப்போம். அங்கு கிடைத்த சிறுவரின் என்புகள் எல்லாம் வழமையான அடக்கம் என்று ஒருநாள் வாதிடுவார்கள். அதற்குப் பதில் குழியின் வடிவத்திலும் ஆழத்திலும், உடல் கிடந்த திசையிலும் நிலையிலும், பெட்டி ஆணி இருந்ததா என்பதிலும், உடுப்போடு போட்டார்களா என்பதிலும், பெரியவரின் உடலோடு ஒரே வெட்டில் இருந்ததா என்பதிலும் இருக்கிறது. என்பைத் தூக்கிய பிறகு இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. அப்போது வரைந்த வரைபடமும் எடுத்த படமுமே சாட்சி.

எப்படி இறந்தார் என்பதைக் காட்டுவது சட்டப்படியும் தவிர்க்க முடியாதது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி கொலைக்கும் அரசுத் துரோகத்துக்கும் காலவரையறை இல்லை. ஏனைய குற்றங்களுக்கு 20 ஆண்டு. 1996இல் நடந்த ஆட்கடத்தலையும் சித்திரவதையையும் தனிக்குற்றமாக வைத்து வழக்குத் தொடரும் காலம் 2016இலேயே கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது கொலைதான், அதனால் கொலை என்று என்பு சொல்ல வேண்டும். ஈரமுள்ள உயிர் என்பு உடைந்தால் விளிம்பு வழவழப்பாக, மற்ற மேற்பரப்பின் நிறத்திலேயே இருக்கும். மண்ணுக்குள் உலர்ந்தபின் மண்வெட்டி பட்டு உடைந்தால் விளிம்பு கரடுமுரடாக, வெளிறி இருக்கும். மண்வெட்டிக் காயத்தைக் கொலைக் காயமென்று எழுதினால் முழு அறிக்கையும் சரிந்துவிடும். என்புக்கு அருகில் மூங்கில் குச்சியும் தூரிகையும் தவிர இரும்பு போகக்கூடாது என்பது இதனால்தான். தொண்டையில் இருக்கும் சிறு நாவடி என்பு உடைந்திருந்தால் கழுத்து நெரிபட்டதைக் காட்டக்கூடும். சலிக்காத மண்ணில் அது காணாமற்போய்விடும். ரவைக் கோதுகளை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. ரி-56 துப்பாக்கி இராணுவத்திடமும் இருந்தது, புலிகளிடமும் இருந்தது. கோதின் அடியில் இருக்கும் தொழிற்சாலை, ஆண்டு முத்திரை மட்டும் குழியின் காலத்துக்கு உதவும்.

யார் செய்தார் என்பதற்கு என்பில் பதில் இல்லை. அது கடதாசியில் இருக்கிறது. எந்தக் காவலரணில் எந்தப் படைப்பிரிவு, யார் கடமையில், எந்த வாகனம் வெளியே போனது, எத்தனை ரவை வழங்கப்பட்டது என்ற பதிவேடுகள் இராணுவத்திடம் இருக்க வேண்டும். அவற்றை அழிக்கக்கூடாது என்ற நீதிமன்றக் கட்டளையை அகழ்வு தொடங்கும் நாளிலேயே பெற்றிருக்க வேண்டும்; இன்னும் பெறாதிருந்தால் நாளைக்கே பெற வேண்டும். மறுபக்கத்தில், குடும்பங்கள் தொண்ணூறுகளிலிருந்து ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிக் கொடுத்த வாக்குமூலங்கள் கொழும்பில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஆட்கொணர்வு மனுக்களின் கோவைகள் நீதிமன்றங்களில் இருக்கின்றன. ஓர் அம்மா ஆறு இடத்தில் சொன்னதில் திகதி இரண்டு விதமாக வந்திருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். அதிகாரி ஏழாவது தடவை அவரை அழவைக்குமுன் முதல் ஆறையும் வாசித்திருக்க வேண்டும். திகதியை இலக்கமாகக் கேட்காமல், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னா பின்னா, இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்து எத்தனையாம் மாதம், பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் நினைவு சரியாக வரும். வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே எழுதி, ஒலிப்பதிவும் செய்ய வேண்டும். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஒருவரைக் கையெழுத்திட வைப்பது விசாரணையே அல்ல. சாட்சிகளின் வீட்டுக்குப் புலனாய்வாளர் போய் விசாரிப்பது நிற்காவிட்டால், 2023ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வெறும் தாளாகவே இருக்கும்.

வட அயர்லாந்தில் 1999 முதல் வேறொரு வழி நடைமுறையில் இருக்கிறது. ஆயுதக் குழுக்கள் கொன்று மறைத்தவர்களைத் தேடும் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் தகவலை எந்தக் குற்ற வழக்கிலும் பயன்படுத்த முடியாது. அப்படி மறைக்கப்பட்ட 17 பேரில் 13 பேரின் உடல்கள் குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தன, அவற்றில் பெரும்பாலானவை இந்த வழியால். பதிலாக, அந்தத் தகவலை வைத்து எவரையும் தண்டிக்க முடியாது. இங்கும் அப்படிச் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குடும்பங்கள் கேட்காத வரையில் அவர்கள் சார்பில் அந்தப் பேரத்தை வேறு எவரும் பேசக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து. அதே வட அயர்லாந்தில் 2005இல் பழைய கொலைகளை மீளாய்வு செய்யப் பொலிஸுக்குள் அமைத்த குழு, படையினர் செய்த கொலைகளை மற்றவற்றைவிடத் தளர்வாக விசாரித்ததாக 2013இல் பொலிஸாரின் வேலையைச் சோதிக்கும் அமைப்பின் அறிக்கையே கண்டது. மறு ஆண்டு அது மூடப்பட்டது. செம்மணி விசாரணை இப்போது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் குடும்பங்களுக்காக முன்னிலையாகும் சட்டத்தரணிகளை நாம் கேட்பது இதுதான்: என்புகளின் பரிசோதனை எந்த நாட்டில், எந்த ஆய்வுகூடத்தில் என்ற விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். உறவினரின் மாதிரிகளையும் படிவங்களையும் சேகரிக்கும் கட்டளையைத் தனியாக, முதலில் கேளுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களையும் நோயாளிகளையும் முதலில் எடுங்கள். நடக்க முடியாதவர்களிடம் வீட்டுக்கே போங்கள். பிரதேச செயலகங்களுக்கு நாள் குறித்து, கிராம அலுவலர் மூலம் அறிவியுங்கள். அந்த நாட்களைத் தங்கள் பத்திரிகையும் முன்பக்கத்தில், அகழ்வு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தடயவியல், மருத்துவம், சட்டத் துறைகளைச் சார்ந்த வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.